கீழ் வீட்டு இந்தியா

இரண்டரை வருடம் நான் இந்தியாவாக இருந்தேன். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சம்பளமும் இல்லை, கொடி கட்டிய காரும் இல்லை. ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் சரிவில் நின்ற ஒரு பழைய மரவீட்டின் கீழ்த்தளத்துக்கு நானும் மனைவியும் வாடகைக்குப் போனோம். நான் செய்த காரியம் அது ஒன்றுதான். பதவியைக் கொடுத்தவர் மேல்தளத்தில் மகளோடு குடியிருந்த யாழ்ப்பாணத்து அம்மா.

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் மாமி என்றார்கள். திருச்சிக்காரனான எனக்கு மாமி என்றால் மடிசார், வெங்காயம் போடாத சாம்பார். வீடு பார்க்கப் போன அன்று படியில் நின்ற மாமி, நைட்டிக்கு மேல் யாரோ கொடுத்த ரக்பி ஜெர்சியை மாட்டியிருந்தார். கையில் மீன் வெட்டும் கத்தி. அதில் செதில் ஒட்டியிருந்தது.

"எந்த நாடு?" என்றார்.

"இந்தியாங்க. திருச்சி."

கத்தி கீழே இறங்கவில்லை. என்னைத் தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "பிள்ளை, ஓடி வா, இந்தியா வந்து நிக்குது!" என்று கூப்பிட்டார்.

மகள் வந்தார். நகரத்தில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. "அம்மா பகிடிக்குச் சொல்றா, நீங்கள் உள்ள வாங்கோ" என்றார், முகம் சிவக்க.

"பகிடி இல்லை" என்றார் மாமி. "வீடு தாறம். ஆனா நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்ல வேணும்."

சிகரெட் பிடிப்பேனா, ராத்திரி சத்தமாகப் பாட்டு வைப்பேனா என்று கேட்பார் என நினைத்தேன். "கேளுங்க மாமி."

"என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"வேலைக்கு வந்தேன் மாமி. கம்ப்யூட்டர்ல..."

"இங்க இல்லை. எங்கட ஊருக்கு."

நான் யாழ்ப்பாணத்துக்குப் போனதே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி முழங்கையால் இடித்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எண்பத்தேழில் இந்தியா இலங்கையின் வடக்குக்கு அமைதிப்படை என்று ஒரு படையை அனுப்பியதே, அதைக் கேட்கிறார். சண்டையை நிறுத்தப் போன படை சில மாதங்களிலேயே தானும் சண்டையில் இறங்கி, இரண்டரை வருடம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள், இரண்டு பக்கமும்.

"அப்ப நான் காலேஜ்ல இருந்தேன் மாமி. மூணு பேப்பர் அரியர்."

"ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள்ள போகேக்க நீர் சோதினை எழுதிக்கொண்டு இருந்தனீர்."

"எழுதி ஃபெயில் ஆனேன் மாமி."

மாமி கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டு பேரும் ஃபெயில்" என்றார். வீடு கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து என் பெயர் போயிற்று. மேலே இருந்து, "இந்தியா, உமக்குத் தபால் வந்திருக்கு" என்பார். "இந்தியா, குப்பை எடுக்கிற நாள், குப்பை வாளியை வெளியில வையும்" என்பார். சாண்ட்ரிங்ஹாம் கடையில் வாங்கிய இந்திய வெங்காயம் உள்ளே அழுகியிருந்தால் அதைப் படியிறங்கிக் கொண்டுவந்து என் கையில் வைப்பார். ஏதாவது ஒரு பிரதமர் பதவி விலகினால் (அந்த வருடங்களில் அவர்கள் அடிக்கடி விலகினார்கள்) நான் காலை காப்பிக்கு முன்பே விளக்கம் தர வேண்டியிருக்கும். ஒரு தடவை பொறுக்க முடியாமல், "மாமி, நான் ஒரு தனி ஆள். என்னைக் கேட்டா எந்தப் படையும் போகுது வருது?" என்றேன்.

மாமி கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். "தம்பி, நாடு எண்டு ஒருத்தன் எங்கயாவது ஒரு வீட்டில இருந்தானெண்டா நான் அவன்ர வாசல்ல போய் நிண்டு கேட்டிருப்பன். அப்பிடி ஒருத்தன் இல்லையே. தேடிப் பாத்திட்டன். அதால உம்மைக் கேக்கிறன்."

இதுதான் மாமி. மற்றவர்கள் நாட்டைத் திட்டுவார்கள், அரசைத் திட்டுவார்கள். மாமிக்கு எதிரில் ஒரு முகம் வேண்டும். எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும், வந்தவர்தான் அந்த நாடு.

நான் மட்டும் சிக்கவில்லை என்பது ஓர் ஆறுதல். குழாய் பழுது பார்க்க ஒரு நியூசிலாந்துக்காரர் வந்தார். மாமி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, உங்கட ஆமி வேறை நாட்டுக்குள்ள எங்கயாவது போயிருக்கோ என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். மனிதர் வெள்ளந்தியாக, என் சித்தப்பா வியட்நாம் போனார் என்று சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது அவர் பிற்பகல். யார் கூப்பிட்டார்கள், என்ன செய்தார்கள், இப்போது அந்த ஊர் எப்படி இருக்கிறது, சித்தப்பா எப்போதாவது திரும்பிப் போய்ப் பார்த்தாரா? இரண்டு கோப்பை தேநீர் குடித்து, வியட்நாமுக்காகத் தலை குனிந்து, குழாயைத் தொடாமலே அவர் போனார். மறுநாள் வந்து இலவசமாகப் பொருத்தினார்.

கோவிலில் ஒரு மலேசியத் தமிழ் டாக்டரைப் பிடித்தார். "எங்கட ஐயா உங்கட நாட்டில ரயில் ஓட்டினவர். பிறகு ஏன் எங்கட ஆக்களைத் திருப்பி அனுப்பினனீங்கள்?" என்றார். டாக்டர் கையிலிருந்த சுண்டலோடு பின்வாங்கினார். "ஐயோ ஆன்ட்டி, அப்ப நான் பொறக்கவே இல்லலா!" மாமி அதை ஏற்கவில்லை. பிறக்காமல் இருந்தது ஒரு சாக்கு இல்லை என்பது அவர் கட்சி.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி மட்டும் வேறு மாதிரி. எங்களை அடிமையாக வைத்திருந்துவிட்டு, போகும்போது ஒரு ஒழுங்கும் செய்யாமல் ஏன் ஓடினீர்கள் என்று மாமி வேலிக்கு மேலால் கேட்டதும், அந்த அம்மா மாமியின் கையைப் பிடித்து, மிகவும் வருந்துகிறேன் கண்ணே என்றார். மறுநாள் ஒரு தட்டு ஸ்கோன், அவர்கள் வீட்டு இனிப்புப் பன், வந்தது. மாமி உருகிப்போனார். "பாத்தீரே, ஒரு நாடு எப்பிடி நடக்க வேணும் எண்டு?" என்று எனக்கு ஒரு வாரம் பாடம். பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா இங்கிலாந்தே இல்லை, வேல்ஸ். அவர் ஊரும் அதே ஆட்களிடம் மறுமொழி கேட்டுக்கொண்டுதான் இருந்ததாம்.

நான் ஸ்கோனைப் பார்த்து உஷாராகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போய், "மாமி, எங்க நாடு செஞ்சதுக்கெல்லாம் நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்று முறையாகச் சொன்னேன். மனைவி செய்த ரவா கேசரியும் கையில்.

மாமி கேசரியை வாங்கிக்கொண்டார். "நீர் ஏன் மன்னிப்புக் கேக்கிறீர்? நீர் செய்தனீரே?"

"அப்ப ஏன் மாமி தினமும் என்னைக் கேக்கறீங்க?"

"நான் கேக்கிறது மறுமொழி. மன்னிப்பு எனக்கு என்னத்துக்கு? அதை வைச்சு நான் கதவு செய்யிறதோ?"

கதவு என்பது அவர் வீட்டு முன்கதவு. இந்தக் கதையை அவர் எத்தனை தடவை சொன்னாலும் நான் கேட்பேன், ஏனென்றால் அவர் நடித்துக் காட்டுவார்.

இந்தியப் படை வந்த முதல் நாள் ஊரே வீதியில் நின்று பூப்போட்டதாம். மாமியும் ஒரு தட்டில் செவ்வரத்தம் பூவோடு நின்றார். "எல்லாம் முடிஞ்சுது, இனி நிம்மதி எண்டு நினைச்சம்." வந்தவர்கள் மாமி வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். முதலில் கிணற்றில் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தார். சண்டை தொடங்கியதும் பங்கருக்குக் கூரை போடப் பலகை வேண்டும் என்றார்கள். மாமியின் முன்கதவு முதிரை மரம். இரண்டு பேர் தூக்க முடியாத கனம். நாலு பேர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையே மாமி முகாம் வாசலுக்குப் போய்விட்டார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும். கடைசியில் ஓர் அதிகாரி வெளியே வந்து, மிக மரியாதையாக, சமாதானம் வந்ததும் கதவு வரும் என்றார். அந்த அதிகாரி போல மாமி கைகளைப் பின்னால் கட்டி, தாடையை உயர்த்தி நிற்கும்போது ரக்பி ஜெர்சியே ராணுவ உடுப்பு மாதிரி தெரியும்.

"பிறகு சமாதானம் வந்துதோ? வரேல்லை. அவங்கள் போனாங்கள். நான் வாசல்ல போய் நிண்டு கேட்டன், ஐயா கதவு எங்க எண்டு. லொறியில இருந்து கையைக் காட்டினாங்கள். பங்கரை இயக்கப் பெடியள் எடுத்தாங்கள். நான் பெடியளைக் கேட்டன். அம்மா, இது இப்ப போராட்டத்துக்குச் சொந்தம் எண்டாங்கள். எனக்குச் சொந்தமா ஒரு சாக்குத் தான் கிடந்தது. அதை வாசல்ல தொங்கவிட்டுக்கொண்டு இருந்தனாங்கள். நாய் வரும், கோழி வரும், ஆர் வந்தாலும் தட்டத் தேவையில்லை."

சாக்குக்குப் பின்னால் மாமி வாழ்ந்த வருடங்களைப் பற்றி எனக்கு முழுவதுமாகப் புரிந்தது ஆக்லாந்து இருண்டபோதுதான். தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில், இங்கே கோடை முடியும் நேரம், நகரத்தின் நடுப்பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோன கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. என் அலுவலகம் அங்கேதான். லிஃப்ட் ஓடவில்லை, வீதியெல்லாம் ஜெனரேட்டர் சத்தம், கோட்டு போட்ட மனிதர்கள் படியேறி மூச்சு வாங்கினார்கள். மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்களுக்கு விளக்கு எரிந்தது. ஆனாலும் மாமிக்கு ஒரே குதூகலம். இந்த ஊரில் முதல் தடவையாக அவருக்குத் தெரிந்த ஒன்று நடக்கிறது!

ஒரு மாலை சமையலறையில் ஜாம் போத்தல்களை வரிசையாக வைத்திருந்தார். அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் மண்ணெண்ணெய், மேலே ஒரு சின்னத் திரி. "இந்தியன் ஆமி போனாப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. அரசாங்கம் மண்ணெண்ணெயும் வர விடேல்லை. சவுக்காரமும் இல்லை, பற்றரியும் இல்லை. பிள்ளையள் எல்லாம் இதில தான் படிச்சவை. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி மிதிச்சு, டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள். செய்தி முடியமுந்தி மிதிக்கிறவனுக்குக் கால் ஓஞ்சு போகும். அதால சண்டையில ஆர் வெண்டது எண்டு எங்களுக்குக் கடைசிவரை தெரியாது." ஒரு விளக்கை என் கையில் தந்தார். "கொண்டுபோய் உம்மட பொஸ்ஸிட்டக் குடும். பாவம்."

கொண்டுபோனேன். மேலாளர் அதைத் தன் மேசையில் ஏற்றி வைத்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். இந்த அம்மா எவ்வளவு காலம் கரண்ட் இல்லாமல் இருந்தார் என்று கேட்டார். நாலு வருடம் என்றேன். அவர் அன்று காலையில்தான் காப்பி மெஷின் ஓடவில்லை என்று மேலிடத்துக்குப் புகார் எழுதியிருந்தார். பேனா முனையால் திரியைத் தூண்டிவிட்டார். அதற்குள் தீ பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த பெண் ஓடி வந்து விளக்கை அணைத்து, பறிமுதல் செய்துவிட்டாள்.

மாமியிடம் சொன்னேன். "எந்த நாட்டுக்குப் போனாலும் பறிக்கிறதுக்கு ஒருத்தன் நிக்கிறான்" என்றார் திருப்தியாக.

அந்த ஏப்ரலில்தான் சரிவின் கீழே மூலையில் இருந்த டெய்ரி கை மாறியது. பால், பிரெட், பேப்பர், பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்கும் சின்னக் கடையை இங்கே டெய்ரி என்பார்கள். வாங்கியவர் ஒரு பஞ்சாபிக்காரர். அவருடைய மச்சான் ஊரிலிருந்து வந்து கடையில் நின்றார். உயரமான ஆள், ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே, வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். அதிகம் பேசமாட்டார்.

நானும் மாமியும் பால் வாங்கப் போனோம். பீன்ஸ் டின் விலை அநியாயம் என்று மாமி என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். கல்லாவில் நின்றவரின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"தமில்? தமில்?" என்றார். தனக்கும் தெரியும் என்று காட்டும் குழந்தையின் ஆசையோடு நெஞ்சை நிமிர்த்தி, உரக்கச் சொன்னார். "நில்லு! சைக்கிள் இறங்கு! ஐடென்டி கார்ட்!"

மாமியின் கை கைப்பைக்குள் போயிற்று. அவருக்கே தெரியாமல் போயிற்று என்றுதான் நினைக்கிறேன். பஸ் பாஸை எடுத்து, படம் மேலே தெரிய, கல்லாவின் மேல் வைத்தார். பிறகு ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்.

அந்த மனிதர் பஸ் பாஸைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. மாமி அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பாலை வாங்காமலே வெளியே நடந்தார்.

சில நாட்கள் மேலே இருந்து சத்தமே இல்லை. குப்பை வாளியைப் பற்றி யாரும் கூப்பிடவில்லை. "போய்ப் பாருங்க, எனக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. போவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை காலை, மாமியே இறங்கி வந்தார். ஜெர்சி இல்லை. பட்டுச் சேலை, நெற்றியில் திருநீறு.

"வெளிக்கிடும், கடைக்குப் போவம். அவனுக்கு நான் சொல்லுறதை நீர் ஹிந்தியில சொல்லும்."

"எனக்கு ஹிந்தி தெரியாது மாமி."

"இந்தியாவுக்கு ஹிந்தி தெரியாதோ?"

"எங்க ஊர்ல படிக்க மாட்டோம்."

"என்ன கண்டறியாத இந்தியா நீர்? உம்மைவிட எனக்குக் கூடத் தெரியும். ருக்கோ, ஜல்தி, கிதர் ஜாதா, பானி." நில், சீக்கிரம், எங்கே போகிறாய், தண்ணீர்: இந்த நாலும் சோதனைச் சாவடியில் கற்றவை. மாமிக்கு ஆங்கிலம் நன்றாக வரும், ஆனால் மனம் கொதித்தால் ஆங்கிலம் முதலில் ஆவியாகிவிடும். கதவைக் கேட்கப் போகிறார் என்றுதான் நான் உறுதியாக நம்பினேன். இத்தனை வருடத் தேடலில் கையும் மெய்யுமாக ஒரு ஆள் கிடைத்திருக்கிறான். மனைவியும் கூட வந்தாள், போலீஸைக் கூப்பிட ஒரு ஆள் வேண்டுமே என்று.

எங்களைக் கண்டதும் அந்த மனிதர் ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார். ஆறடி ஆள், பெட்டி இடுப்பளவு. கொஞ்ச நேரத்தில் அவருக்கே அது சரிப்படாது என்று தெரிந்து வெளியே வந்தார்.

"ரேங்க் என்ன எண்டு கேளும்" என்றார் மாமி.

ஆங்கிலத்தில் கேட்டேன். ஹவில்தார் என்றார். யாழ்ப்பாணத்தில் ஏழெட்டு மாதம் இருந்தேன், பிறகு கண்ணிவெடி, கால் இப்படி ஆயிற்று என்றார்.

மாமி பேசத் தொடங்கினார். நான் இரண்டரை வருடமாகக் கேட்டிராத கதை அது. அதில் கதவே இல்லை.

கதவு போன சில மாதத்துக்குப் பிறகு ஒரு நாள், நடுப்பகல் ஊரடங்கு. மாமியின் கணவருக்கு நெஞ்சு வலி வந்து நிலத்தில் சாய்ந்துவிட்டார். வெளியே கால் வைத்தால் சுடுவார்கள். மாமி தலையணை உறையை ஒரு தடியில் கட்டிக்கொண்டு சாக்கை விலக்கி வெளியே போனார். எதிரே சென்றி என்ற காவலரணில் ஒரு பொடியன், நெடுநெடுவென்று உயரம். துப்பாக்கியை நீட்டிக் கத்தினான். மாமிக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நெஞ்சைப் பொத்திக்காட்டி, விழுந்து காட்டினார். அவன் உள்ளே வந்து பார்த்தான். துப்பாக்கியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு, கணவரை முதுகில் தூக்கிக்கொண்டான். வெறும் வீதியில், வெயிலில், டிஸ்பென்சரி வரைக்கும் ஓடினான். மாமி தலையணை உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"மனுசன் பிறகும் மூண்டு வருசம் இருந்தவர். நல்லாச் சாப்பிட்டு, என்னோட நல்லாச் சண்டை பிடிச்சு இருந்தவர். அடுத்த நாள் நான் முகாமுக்குப் போய் அந்தப் பெடியனைக் கேட்டன். அந்த ஒபிசர் வெளியில வந்து, சமாதானம் வந்ததும் கதவு வரும் எண்டார். கதவு இல்லை ஐயா, பெடியன் எண்டன். அவருக்கு விளங்கேல்லை. சமாதானம், கதவு, சமாதானம், கதவு. அதைத்தான் சொல்லிக்கொண்டு நிண்டார். அடுத்த கிழமை அந்த ஆக்களை வேறை இடத்துக்கு மாத்திப் போட்டினம்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹவில்தார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன்ர பேர் எனக்குத் தெரியாது. இருக்கிறானோ செத்தானோ தெரியாது. உமக்குத் தெரியுமோ எண்டு கேக்க வந்தனான்."

தெரியாது என்றார் ஹவில்தார். எத்தனையோ பிரிவுகள், எத்தனையோ ஆயிரம் பையன்கள். பிறகு அவராகவே சொன்னார், கண்ணை நிமிர்த்தாமல். "நான் யாரையும் தூக்கவில்லை அம்மா. நான் சைக்கிள்களை நிறுத்தினேன். அவ்வளவுதான்."

"அது பறவாயில்லை எண்டு சொல்லும்" என்றார் மாமி. "ஏசுறதுக்கு ஒரு நாடு போதும், ஆர் கிடைச்சாலும் ஏசலாம். நன்றி சொல்லுறது அப்பிடி இல்லையே. ஒரு ஆள் வேணும். இவரும் ஏறக்குறைய அந்த உயரம்." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மாமி அந்தக் கல்லாவுக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

ஹவில்தார் பதறிப்போய்த் தானும் கூப்பினார். ஒரு பையன் மிட்டாய் வாங்க வந்து, என்னவோ பூசை நடக்கிறது என்று எண்ணி வெளியே நின்றுகொண்டான்.

"இனிக் கதவுக்கு வருவம்" என்றார் மாமி, கையைக் கீழே இறக்கியதும். அதற்குள் அவருடைய ஆங்கிலம் திரும்பி வந்துவிட்டது. கதவையும், கிணற்றையும், நாசமாய்ப் போன பள்ளிக்கூடத்தையும் அவரே நேரடியாகக் கேட்டார். வீடு வீடாகப் போன உயிர்களைப் பற்றியும் கேட்டார், அந்த இடத்தில் மட்டும் குரல் தணிந்தது. ஹவில்தார் எதையும் மறுக்கவில்லை. எங்கள் பையன்களும் செத்தார்கள், மிச்சப் பேர் கப்பலில் திரும்பி வந்து இறங்கியபோது வரவேற்க யாரும் வரவில்லை என்று மட்டும் சொன்னார். பிறகு, ரொம்ப நேரமாகக் கேட்கத் தயங்கியது போல, இப்போது அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் காவல் நின்ற சந்தியில் ஒரு பிள்ளையார் கோவில், பக்கத்தில் டியூஷன் கொட்டில். இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளைகள் மாலையில் சைக்கிளில் கூட்டமாக வருவார்கள், அதில் ஒருத்தி தினமும் நல்ல ஆங்கிலத்தில், எப்போது வீட்டுக்குப் போவீர்கள் என்று அவரைக் கேட்பாளாம்.

மாமிக்கு அந்தச் சந்தி தெரிந்திருந்தது.

"நீங்கள் போன அண்டைக்கு நாங்கள் பாயாசம் காய்ச்சினனாங்கள்" என்றார். "அது ஆறமுந்தி அடுத்த சண்டை தொடங்கிட்டுது. தண்டவாளம் எல்லாம் கிளப்பிப் பங்கருக்குப் போட்டாச்சு, ரயில் இல்லை. மூண்டு வருசத்துக்கு முந்தி ஊர் முழுக்க ஒரே நாளில மழையில நடந்து வெளியேறினது. என்ர தங்கச்சி ஒரு கோழியைக் கூடைக்குள்ள வைச்சுக்கொண்டு நடந்தவள். இப்ப கொஞ்சப் பேர் திரும்பிப் போயிருக்கினம். அவளும் போயிட்டாள். வீட்டுக்கு இப்ப கதவு மட்டுமில்லை, கூரையும் இல்லையாம். நீர் நிண்ட சந்தி இருக்கு. சென்றியும் அதே இடத்தில இருக்கு, இப்ப இலங்கை ஆமி நிக்குது. பாஷை தான் வேறை. அந்தப் பிள்ளையள் இல்லை. கனடாவில கொஞ்சம், லண்டனில கொஞ்சம். மிச்சம் மண்ணுக்குள்ள."

இதற்கு ஹவில்தார் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மிகவும் விரும்பினார். ஆங்கிலத்தில் தொடங்கி நிறுத்தினார். மாமியின் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தன்னிடம் இருந்த தமிழை எல்லாம் தேடினார். நில்லு, இறங்கு, பை திற, கையைத் தூக்கு. எதுவும் உதவவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. சோதனை முடிந்தவர்களுக்குச் சொல்வது. அதை அவர் அவ்வளவு மென்மையாகச் சொன்னார்.

"அம்மா... போகலாம்."

மாமி அவரையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். பிரெட் அடுக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஹவில்தார் என்னைப் பார்க்க, நான் மனைவியைப் பார்க்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் எடுக்கப் போனாள்.

அதன் பிறகு மாமி சூப்பர் மார்க்கெட் பக்கமே போகவில்லை. விலை அநியாயம் என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அந்த டெய்ரியில்தான் வாங்கினார். அந்த வருடக் கடைசியில் நாங்கள் நகரத்தின் மறுபக்கம் பக்குரங்காவில் வீடு வாங்கிக்கொண்டு கிளம்பியபோது, "படை விலகுது" என்று படியில் நின்று கையசைத்தார். ஆனால் என் பதவி போனது அதற்கு முன்பே, மே மாதத்தில், ஒரு மழைக் காலையில்.

முதல் நாள் ராஜஸ்தான் பாலைவனத்தில் இந்தியா அணுகுண்டு வெடித்துப் பார்த்திருந்தது. நியூசிலாந்துக்காரர்களுக்கு அணு என்ற சொல்லே ஆகாது. டிவியில் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். நான் விடியும் முன்பே எழுந்து பதில்களைத் தயார் செய்தேன். பாதுகாப்புக் காரணங்கள் ஒரு பக்கம், என் சொந்தக் கருத்து இன்னொரு பக்கம். சட்டையை இஸ்திரி போட்டுக்கூட மாட்டிக்கொண்டேன். "தூதர் அவர்களே, டீ ஆறுது" என்றாள் மனைவி.

மேலே செருப்புச் சத்தம். வெளிப்படியில் குடையின் முனை ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு இறங்கியது. எங்கள் வாசலுக்கு வந்தது. நான் தொண்டையைச் செருமினேன். சத்தம் நிற்கவில்லை, தாண்டிப் போயிற்று.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். "மாமி! செய்தி பாத்தீங்களா?"

"பாத்தன், பாத்தன். அதுக்குத்தான் அவனிட்டப் போறன்."

"என்கிட்ட கேக்கலையா?"

மாமி குடையைச் சரித்து என்னைப் பார்த்தார். இரக்கம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். "நீர் பாவம். உமக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார்.

இஸ்திரி போட்ட சட்டையோடு நான் மழைச்சாரலில் நின்றேன். எனக்கு வந்தது பொறாமை என்று ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. கீழே மூலையில் ஹவில்தார் பேப்பர் தலைப்புப் பலகையை வெளியே வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, வருகிற குடையைக் கண்டார். விறுவிறுவென்று காலை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஒளிந்துகொண்டார் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மழை படாத இடமாகப் பார்த்து, கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டு, துண்டால் துடைத்தார்.